அம்மாவின் வலது தோளும் பன்னிரண்டு வாரங்களும்



ஆராதனையில் எல்லாரும் கைகளை உயர்த்தித் துதிக்கும்போது என்றைக்காவது சுற்றிப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணை மூடியிருக்க வேண்டும் என்றுதான் நமக்குச் சொல்லித் தந்தார்கள். ஆனால் தாதி வேலையில் ஆட்கள் எழும்புவதையும் நடப்பதையும் பார்த்துப் பார்த்து, அந்தப் பழக்கம் எனக்குச் சபையிலும் போவதில்லை. சிலருக்கு இரண்டு கைகளும் தலைக்கு மேலே போகும். சிலருக்கு ஒரு கை மேலே போக, மற்றக் கை நெஞ்சளவில் நின்றுவிடும். அப்படி நிற்பவர்கள் பெரும்பாலும் நாற்பது வயதைத் தாண்டியவர்கள். நம் அம்மாக்கள், அப்பாக்கள், பெரியம்மாக்கள், மாமாக்கள்.

அந்த ஒற்றைக் கை ஆட்களில் என் அம்மாவும் ஒருவராக இருந்தார். வாலிபர் இதழில் பெரியவர்களின் தோள் வலியைப் பற்றி ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பீர்கள். அந்தத் தோள் குணமாவதில் வைத்தியரைவிட அதிக பங்கு அதே வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு உண்டு. அதை நான் பிந்தித்தான் படித்தேன்.

நான் விட்ட பிழை

அம்மா இருபது வருடங்களாக அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை செய்தவர். ஒரு குளிர்காலத்தில் வலது தோள் நோகத் தொடங்கியது. யாருக்கும் சொல்லவில்லை. சேலைத் தலைப்புக்கு ஊசி குத்தத் தங்கச்சியைக் கூப்பிட்டபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்டதற்கு, "ராவில அந்தப் பக்கம் படுக்கேலாது பிள்ளை. உனக்கு வேலை, நான் ஏன் கரைச்சல் தாறது?" என்றார்.

நான் உடனே சொன்ன ஆலோசனை: "அந்தக் கையால கொஞ்ச நாளைக்கு ஒண்டும் செய்யாதேங்கோ அம்மா."

இரண்டு மூன்று நாளைக்கு அது சரியான ஆலோசனை. அம்மாவோ சொன்னதை அப்படியே கேட்கிறவர். வேலைக்கு லீவு எடுத்து, கையைச் சால்வையில் தொங்கவிட்டு, இடது கையாலேயே சமைத்துக்கொண்டு மூன்று மாதம் இருந்துவிட்டார். நானும் இரவு வேலை, பகல் தூக்கம் என்று ஓடிக்கொண்டிருந்ததில் திரும்பக் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் கை நெஞ்சுக்கு மேலே போகவில்லை. நர்ஸிங் பட்டம் பெற்ற மகள் இருக்கும் வீட்டில் நடந்த கதை இது.

இதற்குள் பிசியோதெரபி நிலையம் ஒன்றிலிருந்து பயிற்சித் தாள் ஒன்றும் கொடுத்திருந்தார்கள். படங்களும் ஜேர்மன் மொழியில் விளக்கமும் இருந்தன. அம்மா அதை வேதாகமத்துக்குள் மடித்து வைத்திருந்தார். பத்திரமாகத்தான் இருந்தது. ஒரு நாளும் விரிக்கப்படவில்லை.

தோள் எப்படி வேலை செய்கிறது?

நம் உடம்பில் அதிகமாக அசையும் மூட்டு தோள்மூட்டு. மேலே, கீழே, முன்னே, பின்னே, சுற்றிவர என்று எல்லாப் பக்கமும் போகும். அதற்கு ஒரு விலை இருக்கிறது. இடுப்பு மூட்டில் பந்து ஆழமான கிண்ணத்துக்குள் இருக்கிறது. தோளில் அதே மாதிரியான பந்து ஒரு சின்னத் தட்டில் வைத்ததுபோல இருக்கிறது. கிண்ணம் பிடித்து வைக்காத பந்தைத் தசைகள்தான் பிடித்து வைக்க வேண்டும்.

அந்த வேலையைச் செய்ய நான்கு சிறு தசைகள் தோள்பட்டை எலும்பிலிருந்து புறப்பட்டு, கை எலும்பின் தலையைச் சுற்றிப் பிடிக்கின்றன. வைத்தியரின் கடிதத்தில் 'ரொட்டாட்டோரென்மான்ஷெட்டே' என்று நீளமாக ஒரு சொல் வந்தால் அது இந்த நான்கைத்தான் குறிக்கிறது. 'மான்ஷெட்டே' என்றால் சட்டைக் கையின் முனையில் இருக்கும் பட்டி. பட்டி மணிக்கட்டைச் சுற்றிப் பிடிப்பதுபோல இவை மூட்டைப் பிடிக்கின்றன. கையைத் தூக்கும்போது வெளியே தெரியும் பெரிய தசை எலும்பை மேல்நோக்கி இழுக்கும். இந்தச் சிறு தசைகள் பந்தை நடுவில் நிறுத்தி வைக்கும். இவை பலவீனமானால், அல்லது எலும்போடு இவற்றைப் பிணைக்கும் தசைநாண் நைந்துபோனால், கையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் நோகும். பெரியவர்களின் தோள் வலிக்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான்.

நம் பெற்றோருக்கு இது ஏன் வருகிறது என்று கேட்கவே தேவையில்லை. உணவகச் சமையலறையில் பாத்திரம் அடுக்கியவர்கள், பெட்டி தூக்கியவர்கள், யன்னல் துடைத்தவர்கள், பராமரிப்பு இல்லங்களில் முதியோரைத் தூக்கி இருத்தியவர்கள். வயது ஏற ஏற தசைநாண்களும் தேயும். அதோடு நம்மவர்களிடம் அதிகமாகக் காணப்படும் நீரிழிவும் சேர்கிறது. மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்து, சுருங்கி, கை எந்தப் பக்கமும் திரும்பாமல் இறுகிப்போகும் 'உறைந்த தோள்' நீரிழிவு உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக வரும். பொஸ்டன் நகரின் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஏர்னஸ்ட் கொட்மன் 1934-இல் வெளியிட்ட தோள் பற்றிய நூலில்தான் இந்தப் பெயரை வைத்தார். அவர் பெயரில் வழங்கும் ஒரு பயிற்சியைக் கீழே சொல்கிறேன்.

முதலில் வைத்தியரிடம்

எல்லாத் தோள் வலியும் தசை வலி அல்ல. பயிற்சி தொடங்குமுன் இவற்றைக் கவனியுங்கள்.

தோளோடு நெஞ்சிலும் இறுக்கம், மூச்சு வாங்குதல், வியர்வை, ஓங்காளம் இருந்தால், அது இருதயமாக இருக்கலாம். உடனே 112-ஐ அழையுங்கள். விழுந்த பிறகு, அல்லது பாரம் தூக்கியபோது 'படக்' என்று ஏதோ அறுந்த மாதிரி இருந்து, கை திடீரென்று எழும்பாமல் போனால் அன்றைக்கே காட்ட வேண்டும். தசைநாண் அறுந்திருந்தால் சிலருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படும், அதில் தாமதம் கூடாது. மூட்டு சிவந்து, சூடாகி, காய்ச்சலும் இருந்தால் அதுவும் அவசரம். காரணமில்லாமல் உடம்பு மெலிதல், முன்பு புற்றுநோய் இருந்தது, எப்படிப் படுத்தாலும் குறையாத இரவு வலி இவை இருந்தால் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். விரல் வரைக்கும் மரத்துப்போனால் பிரச்சினை தோளில் இல்லாமல் கழுத்து நரம்பில் இருக்கலாம்.

'விறைக்குது' என்றால் என்ன?

இங்கேதான் பிள்ளைகளாகிய உங்கள் வேலை தொடங்குகிறது. நம்மில் பலர் பத்து வயதிலேயே பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளர்கள். வங்கி, நகரசபை, வைத்தியர் எல்லா இடத்துக்கும் போயிருக்கிறோம். ஆனால் வலிக்கு நம் மொழியில் இருக்கும் சொற்கள் எத்தனை! குத்துது, எரியுது, உளையுது, இழுக்குது, விறைக்குது. இவை எல்லாவற்றையும் நாம் ஜேர்மன் மொழியில் ஒரே சொல்லாகச் சுருக்கி, "அம்மாவுக்கு நோகுது" என்று முடித்துவிடுகிறோம்.

என் அம்மா வைத்தியரிடம் "கை விறைக்குது" என்றார். கூடப் போன தங்கச்சி அதை 'டவுப்' என்று சொன்னாள். டவுப் என்றால் உணர்வில்லாமல் மரத்துப்போவது. வைத்தியர் நியாயமாகவே கழுத்து நரம்பைச் சந்தேகித்து, அதைப் பரிசோதிக்க அனுப்பினார். பல வாரங்கள் போயின. அம்மா சொல்ல நினைத்ததோ, கை மடங்காமல் விறைப்பாக இருக்கிறது என்பது. அதற்குச் சொல் 'ஷ்டைஃப்'. தமிழில் இரண்டுக்கும் விறைப்பு என்றே சொல்கிறோம். தங்கச்சியில் குற்றமில்லை. அவளுக்கு அப்போது பதினாறு வயது.

ஆகவே போகுமுன் வீட்டிலே ஐந்து நிமிடம் இருந்து கேளுங்கள். குத்து என்றால் 'ஷ்டெஹெண்ட்', எரிவு என்றால் 'ப்ரெண்ணெண்ட்', உளைவு என்றால் 'டும்ஃப்', இழுவை என்றால் 'சீஹெண்ட்'. விறைப்பு என்று சொன்னால் தொட்டுப் பார்த்துக் கேளுங்கள்: "நான் தொடுறது தெரியுதா, இல்லாட்டி கை திரும்புதில்லையா?" எந்த வேலை செய்யும்போது நோகுது, இரவில் எழுப்புதா, எத்தனை வாரம் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் பத்து நிமிட வைத்திய நேரத்தை இருபது நிமிடமாக்கும்.

ஜேர்மனியில் வழி இதுதான். ஹவுஸ்ஆர்ட்ஸ்ட் என்று நாம் சொல்லும் குடும்ப வைத்தியரோ எலும்பு, மூட்டு வைத்தியரோ பிசியோதெரபிக்கு எழுதித் தரலாம். 2024 நவம்பர் 1 முதல் தோள்மூட்டுச் சிக்கல்கள் பலவற்றுக்கு 'பிளாங்கோஃபெர்ஓர்ட்னுங்' என்ற புதிய முறை வந்திருக்கிறது. வைத்தியர் நோயை உறுதிசெய்து எழுதித் தருவார். என்ன சிகிச்சை, எத்தனை தடவை என்பதைப் பிசியோதெரபிஸ்ட் தீர்மானிப்பார். அது 16 வாரங்களுக்குச் செல்லும். அரச காப்புறுதியில் இருக்கும் பெரியவர்கள் செலவில் 10 வீதமும், ஒவ்வொரு சீட்டுக்கும் 10 யூரோவும் கட்ட வேண்டும். இப்படிக் கட்டும் தொகைகள் வருடத்தில் குடும்ப வருமானத்தின் 2 வீதத்தைத் தாண்டினால் காப்புறுதியிடம் விலக்குக் கேட்கலாம். நாட்பட்ட நோயாளருக்கு அது 1 வீதம். பணத்துக்குப் பயந்து சீட்டை மேசை லாச்சியில் போட்டுவைத்தவர்களை நான் அறிவேன். இதை வீட்டில் சொல்லுங்கள்.

கத்தியா, பயிற்சியா?

"எக்ஸசைஸ் எல்லாம் சும்மா. ஒப்பரேஷன் செய்தாத்தான் சரி" என்று நம் கூட்டங்களில் சொல்பவர்கள் உண்டு. விபத்தில் அறுந்த தசைநாணுக்கு அது சில வேளை உண்மை. சாதாரணத் தோள் வலிக்கு ஆராய்ச்சி வேறு கதை சொல்கிறது.

சுவீடனில் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்த 100 பேரளவில் இரண்டு பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குத் தோளின் சிறு தசைகளையும் தோள்பட்டையையும் படிப்படியாகப் பலப்படுத்தும் பயிற்சி. மற்றப் பகுதிக்குப் பாரமில்லாத பொதுவான அசைவுகள். 2012-இல் வெளிவந்த முடிவு இது: 12 வாரங்களின் பின் அறுவைச் சிகிச்சை வேண்டும் என்று கேட்டவர்கள் முதற் பகுதியில் 20 வீதம், இரண்டாம் பகுதியில் 63 வீதம்.

பிரித்தானியாவில் 32 வைத்தியசாலைகளில் 313 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2018-இல் வந்தது. தோளுக்குள் எலும்பைச் சீவி இடம் உண்டாக்கும் அறுவைச் சிகிச்சையை ஒரு பகுதியாருக்குச் செய்தார்கள். இன்னொரு பகுதியாருக்குக் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, எதையும் சீவாமல் மூடினார்கள். இரண்டு பகுதியாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு சுகம்தான். சீவியதால் தனியாக வந்த பயன் ஒன்றும் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 2021-இல் வந்த மூன்றாவது ஆய்வு. அதுவும் பிரித்தானியாவில்தான், 708 பேருடன். சிலர் பிசியோதெரபிஸ்டிடம் ஆறு தடவை வரை போனார்கள். மற்றவர்கள் ஒரே ஒரு தடவை போய், பயிற்சியை நன்றாகக் கற்றுக்கொண்டு வீட்டில் செய்தார்கள். ஒரு வருடம் கழித்து இரண்டு பகுதியாருக்கும் வித்தியாசம் இல்லை. ஒரு முறை சரியாகக் கற்றுக்கொண்டால், மிச்ச வேலை வீட்டில்தான் நடக்கிறது. பிசியோதெரபிஸ்டுக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கும் ஊர்களில் இது பெரிய ஆறுதல்.

வீட்டில் செய்யும் பயிற்சிகள்

ஒரு விதியை முதலில் மனதில் வையுங்கள். வலியை 0 முதல் 10 வரை எண்ணச் சொல்லுங்கள். பயிற்சியின்போது 4 வரை நொந்தால் பரவாயில்லை. அடுத்த நாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் அடுத்த தடவை எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். "நோகுது, அப்ப பழுதாகுது" என்பதுதான் நம் பெற்றோரின் பயம். பலமிழந்த தசை வேலை செய்யும்போது கொஞ்சம் நோகும். அது பழுதாவதற்கு அடையாளமல்ல.

முதலாவது, ஊஞ்சல். இது கொட்மனின் பயிற்சி. மேசையில் நல்ல கையை ஊன்றிக் குனிந்து, நோகும் கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, உடம்பை மெதுவாக ஆட்டக் கை தானாக முன்னும் பின்னும் ஆடட்டும். பிறகு சிறு வட்டமாக. ஒரு நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை. வலி கடுமையாக இருக்கும் முதல் நாட்களில் இது மட்டும் போதும்.

இரண்டாவது, மேசை துடைத்தல். கதிரையில் இருந்து, மேசையில் ஒரு துவாயை விரித்து, அதன்மேல் கையை வைத்து முன்னே தள்ளிக்கொண்டு போங்கள், உடம்பும் கூடப் போகட்டும். 10 தடவை. இலகுவானதும் அதையே சுவரில் செய்யலாம். விரல்கள் சுவரில் ஏறி எட்டிய உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். வாரம் ஒரு கோடு.

மூன்றாவது, அசையாமல் தள்ளுதல். முழங்கையை விலாவோடு ஒட்டி 90 பாகைக்கு மடித்து, கதவு நிலையின் பக்கத்தில் நின்று, கையின் வெளிப்பக்கத்தால் நிலையைத் தள்ளுங்கள். கை அசையக் கூடாது, தசை இறுக வேண்டும். பாதிப் பலத்தோடு 10 விநாடி, பிறகு விட்டுவிடுங்கள். 5 தடவை. உள்பக்கத்தாலும் அப்படியே.

நான்காவது, ரப்பர் பட்டி. தெராபாண்ட் என்று விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கும். மஞ்சள் இலகு, அதற்கு மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்று கடினமாகிக்கொண்டு போகும். பட்டியைக் கதவுக் கைப்பிடியில் கட்டி, கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள். விலாவுக்கும் முழங்கைக்கும் இடையில் சுருட்டிய துவாயை வைத்து, கையை வயிற்றுப் பக்கமிருந்து வெளியே திருப்புங்கள். வெளியே போகும்போது இரண்டு விநாடி, திரும்பும்போது நான்கு விநாடி. பட்டி கையை இழுத்துக்கொண்டு ஓட விடக்கூடாது. திரும்பும் அந்த மெதுவில்தான் பலம் உண்டாகிறது. பிறகு மறுபக்கம் திரும்பி நின்று உள்ளே இழுங்கள்.

ஐந்தாவது, பின்னுக்கு இழுத்தல். அதே பட்டியை இரண்டு கைகளாலும் பிடித்து, கிணற்றில் வாளி இழுப்பதுபோல முழங்கைகளைப் பின்னுக்குக் கொண்டுவந்து, இரண்டு தோள்பட்டைகளையும் ஒன்றையொன்று தொடுவதுபோல நெருக்குங்கள். தோள்கள் காதுப் பக்கம் ஏறக் கூடாது.

ஆறாவது, சுவர்த் தண்டால். சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நின்று, உள்ளங்கைகளை நெஞ்சு உயரத்தில் ஊன்றி, சாய்ந்து எழும்புங்கள். பலம் வந்ததும் சமையலறை மேசை விளிம்பில் செய்யலாம்.

ஏழாவது, போத்தல் தூக்குதல். கட்டைவிரல் மேல்நோக்கி இருக்க, கையை நேர் முன்னுக்குமில்லாமல் நேர் பக்கத்துக்குமில்லாமல் இடையில் ஒரு சாய்வாகத் தோளுயரம் வரை தூக்கி, மெதுவாக இறக்குங்கள். முதலில் வெறுங்கை. பிறகு அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல். பிறகு ஒரு லீற்றர்.

நான்கு முதல் ஏழு வரை உள்ளவற்றை 8 முதல் 12 தடவை, 3 சுற்று, ஒன்றுவிட்டு ஒரு நாள் செய்யுங்கள். 12 தடவை சுலபமாகிவிட்டால் பட்டியின் நிறத்தை மாற்றுங்கள். பலப்படுத்தல் என்றால் பாரம் படிப்படியாகக் கூட வேண்டும். ஒரே மஞ்சள் பட்டியை ஒரு வருடம் இழுப்பதால் தோள் பலப்படாது.

உறைந்த தோள் உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வலி உச்சத்தில் இருக்கும் மாதங்களில் கையைப் பலவந்தமாகத் தூக்கிவிடாதீர்கள். மெதுவான அசைவு மட்டும். பலப்படுத்தல் பிறகு வரும். அது முற்றாக இளக ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அவர்கள் பிசியோதெரபிஸ்டின் சொற்படி நடப்பது நல்லது.

எண்ணெயும் வெந்நீரும் மாத்திரையும்

ஆஹெனில் இருக்கும் நமக்குச் சூடான தண்ணீரின் அருமை தெரியும். சார்லமேன் பேரரசர் இந்த ஊரை விரும்பி இருந்ததே வெந்நீர் ஊற்றுகளுக்காகத்தான். எலிஸன்புறுண்ணன் பக்கம் போனால் அந்தக் கந்தக மணம் இன்றைக்கும் மூக்கில் ஏறும். புர்ட்ஷைட் பகுதி ஊற்றுகளில் தண்ணீர் 70 பாகைக்கும் மேலான சூட்டோடு வெளிவருகிறது. மூட்டு வருத்தக்காரர் நூற்றாண்டுகளாக இங்கே வந்து குளித்திருக்கிறார்கள். சூடு தசையைத் தளர்த்தும், வலியைக் கொஞ்சநேரம் மறக்கச் செய்யும். அம்மா நல்லெண்ணெய் காய்ச்சிப் பூசுவதும் அதே ஆறுதல்தான். நான் அதைத் தடுப்பதில்லை. சூடு வைத்துவிட்டு, அந்தத் தளர்வு இருக்கும்போதே பயிற்சியைச் செய்யுங்கள். சூட்டோடு நிறுத்திவிட்டால் தசை பலப்படாது.

மாத்திரையும் அப்படியே. வலி குறைந்து பயிற்சி செய்ய உதவினால் நல்லது. ஆனால் பிரஷர், சிறுநீரக வருத்தம், வயிற்றுப்புண் உள்ளவர்கள் இபுப்ரோஃபன் போன்றவற்றைத் தாமாகத் தொடர்ந்து போடக் கூடாது. தோளில் கோர்டிசோன் ஊசி போட்டால் நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாட்கள் சீனி கூடலாம். அந்த நாட்களில் அடிக்கடி அளந்து பாருங்கள்.

பலப்படுத்தும் ஊழியம்

கைக்கும் தோளுக்கும் பலமூட்டும் பயிற்சி வசதியுள்ள நாட்டாரின் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். மருத்துவர் மேரி வர்கீஸ் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்தபோது 1954-இல் வாகன விபத்தில் முதுகெலும்பு முறிந்து, கால்களின் செயலை இழந்தார். அதன்பின் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் முடங்கிய கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். தன்னைப்போல உடல் முடங்கியவர்களுக்காக வேலூரில் மறுவாழ்வுச் சிகிச்சையைத் தொடங்கினார். அதற்கான நிலையம் 1966-இல் திறக்கப்பட்டது. கால் செயலிழந்தவர் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதே தோளின் பலத்தால்தான். அப்படிப்பட்ட இடங்களில் பாரம் தூக்கிப் பழகுவது ஒருவருக்குத் தன் வாழ்வைத் திரும்பக் கொடுக்கிற வேலை.

நம் வீடுகளிலும் அளவில் சிறியதாக அதுதான் நடக்கிறது. அப்பா தன் சட்டையைத் தானே போடுவது, அம்மா தன் தலையைத் தானே பின்னுவது, பேரப்பிள்ளையைத் தூக்குவது, வேலையை இழக்காமல் இருப்பது. இவையெல்லாம் அந்த நான்கு சிறு தசைகளில் தொங்குகின்றன.

யாத்திராகமம் 17-ஆம் அதிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். யோசுவா அமலேக்கியரோடு போரிட, மோசே மலையுச்சியில் கைகளை உயர்த்தி நின்றார். கைகள் தளர்ந்தபோது ஆரோனும் ஊரும் அவரை ஒரு கல்லின்மேல் இருத்தி, இரண்டு பக்கமும் நின்று, பொழுது படும்வரை தாங்கினார்கள். ஓய்வுநாள் பாடசாலையில் இதை எத்தனை தடவை படம் கீறியிருப்போம்! தாதியாக இன்று வாசிக்கும்போது எனக்குப் படுவது ஒன்றுதான். மோசேயின் தோள் நொந்ததை அவர்கள் கண்டார்கள். "வயசு போனா அப்பிடித்தான்" என்று விட்டுவிடவில்லை.

எங்கள் வீட்டில் நடந்தது

வேதாகமத்துக்குள் இருந்த அந்தத் தாளை நானும் தங்கச்சியும் எடுத்துத் தமிழில் எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினோம். "தனியச் செய்ய வெக்கமாக்கிடக்கு" என்று அம்மா சொன்னதால், இரவுக் குடும்ப ஜெபம் முடிந்ததும் பத்து நிமிடம் மூவருமாகச் செய்வது என்று வைத்தோம். நான் இரவு வேலைக்குப் போகும் நாட்களில் தங்கச்சி எண்ணுவாள். முதல் மூன்று வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. இது எல்லாருக்கும் நடக்கும். பெரும்பாலானோர் கைவிடுவதும் இங்கேதான். அம்மாவும் "ஒண்டுமில்லை, விடுங்கோ பிள்ளையள்" என்றார். சுவரில் போட்ட கோடுகளைத் தங்கச்சி காட்டினாள். மூன்றாவது கோடு முதற்கோட்டிலிருந்து நான்கு விரல் மேலே இருந்தது. அம்மாவுக்கு எங்கள் வார்த்தையில் வராத நம்பிக்கை அந்தப் பென்சில் கோட்டில் வந்தது.

ஆறாவது வாரம் வலப்பக்கம் படுத்து நித்திரை கொண்டார். பன்னிரண்டாவது வாரம் பச்சைப் பட்டி. ஐந்தாவது மாதம் அலுமாரியின் மேல் தட்டிலிருந்து பெரிய சோற்றுப் பானையை இறக்கினார். இன்னும் முதுகுக்குப் பின்னால் கை முழுதாகப் போவதில்லை. முந்தியே தொடங்கியிருந்தால் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மா அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை.

உங்களுக்கும் ஒரு சொல். மணிக்கணக்காகத் தோளைக் கூனிக் கைபேசி பார்ப்பதும், உடற்பயிற்சி நிலையத்தில் நெஞ்சுத் தசைக்கு மட்டும் பாரம் ஏற்றி முதுகை மறப்பதும் உங்கள் தோளுக்கு நல்லதல்ல. அம்மா அப்பாவோடு நின்று அந்தப் பட்டியை நீங்களும் இழுங்கள்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் நேரத்தில், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு காரியம் கேளுங்கள்: "இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டுங்கோ." ஒரு கை நின்றுவிட்டால், எத்தனை நாளாக என்று கேளுங்கள். வைத்தியரிடம் கூடப் போங்கள். சொல்லைப் பார்த்து மொழிபெயருங்கள். பிறகு சுவரில் முதற்கோட்டைப் போடுங்கள்.

எங்கள் வீட்டுச் சுவருக்குப் போன கோடையில் வெள்ளை அடித்தோம். கோடுகள் இருந்த துண்டை மட்டும் அடிக்க அம்மா விடவில்லை.

ஆண்டவர் தாமே உங்கள் வீடுகளுக்கு நல்ல சுகத்தையும், ஒருவரையொருவர் தாங்கும் பொறுமையையும் தருவாராக.